லாபி யாருடையது? பல அலுவலகங்கள் இயங்கும் ஒரு கட்டடத்தில் அலாரம் ஏரியாக்களை மாற்றியமைத்த நிகழ்வு ஆய்வு

தரைத்தளமும் மேலே இரண்டு தளங்களும் கொண்ட கட்டடம். தரைத்தளத்தின் பின்பாதி சரக்குக் கிடங்கு. லாரி வந்து நிற்க ஒரு ஷட்டர், பக்கத்தில் ஆட்கள் நுழைய ஒரு சின்னக் கதவு. முன்பாதியில் எல்லோருக்கும் பொதுவான லாபி, படிக்கட்டு, லிஃப்ட். முதல் தளத்தில் கணக்குத் தணிக்கை அலுவலகம். இரண்டாம் தளத்தில் வாடிக்கையாளர் உதவி மையம். வார நாட்களில் அங்கே இரவு ஷிஃப்டும் உண்டு. உள்ளே ஒரு மூலையில் சர்வர் அறை. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம், சிக்கலின் அமைப்பை மாற்றவில்லை.)

சென்சார்களை இணைத்து இயக்கும் மையப் பெட்டியான அலாரம் பேனலைப் பொருத்திய காலத்தில் கட்டடம் முழுவதும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. அதனால் இரண்டே ஏரியாக்கள் (அலாரத்தை ஒன்றாக இயக்கி, ஒன்றாக அணைக்கும் பகுதிகள்): 'கீழே', 'மேலே'. பிறகு நிறுவனம் சுருங்கியது, தளங்கள் வாடகைக்குப் போயின, சுவர்கள் எழும்பின. பேனலின் புரோகிராமை மட்டும் யாரும் தொடவில்லை.

எங்களிடம் வந்த புகார் ஒரே வரிதான்: "அலாரம் சும்மா சும்மா அடிக்கிறது, சென்சாரை மாற்றிக் கொடுங்கள்." லாபியில் இருந்த, நடமாட்டத்தை உணரும் பி.ஐ.ஆர். சென்சாரை ஏற்கெனவே ஒருவர் மாற்றியிருந்தார். புதியதும் அடித்தது. அடிக்கத்தானே செய்யும்? அதன் முன்னால் நிஜமாகவே ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

லாக் சொன்னது

சென்சாரைக் கழற்றுவதற்கு முன் பேனலின் நிகழ்வுப் பதிவை இறக்கிப் படிப்பது நல்ல பழக்கம். அலாரம் வந்த வரிகளை மட்டும் படித்தால் பயனில்லை. ஒவ்வொரு அலாரத்துக்கும் முன்னும் பின்னும் யார் ஆர்ம் செய்தார்கள் (அலாரத்தை இயக்கினார்கள்), யார் டிஸ்ஆர்ம் செய்தார்கள் (அணைத்தார்கள்) என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆர்ம் ஆன சில நிமிடங்களிலேயே அலாரம் வந்தால் உள்ளே ஆள் இருக்கும்போது யாரோ பூட்டியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அலாரம் வந்த சில விநாடிகளில் டிஸ்ஆர்ம் வந்தால், நுழைபவர் அலாரத்தை அணைக்கும் கீபேடை எட்டுவதற்குள் நேரம் தீர்ந்துபோகிறது, அல்லது அவர் வரும் வழியில் தாமதம் இல்லாமல் உடனே அடிக்கும் ஒரு ஜோன் (பேனல் தனியாகக் கண்காணிக்கும் சென்சார் இணைப்பு) இருக்கிறது. நடுநிசியில், முன்னும் பின்னும் எதுவுமில்லாமல் தனியாக நிற்கும் அலாரத்துக்குத்தான் சென்சாரையோ திருடனையோ சந்தேகிக்க வேண்டும்.

இந்தக் கட்டடத்தின் அலாரங்கள் ஏறக்குறைய எல்லாமே முதல் வகை. மாலை ஆறு மணிக்குக் கிடங்கு மூடும். மேற்பார்வையாளர் 'கீழே' ஏரியாவை ஆர்ம் செய்துவிட்டுப் பின்கதவு வழியாகப் போய்விடுவார். லாபியும் அந்த ஏரியாவில்தான் இருந்தது. முதல் தளத்துக்காரர்கள் அடுத்த சில நிமிடங்களில் படியிறங்கி வருவார்கள், சைரன் அலறும்.

அதைவிட முக்கியமான வரி வேறொன்று. வார நாட்களில் இரவு பத்து மணியை ஒட்டி, 'கீழே' ஏரியாவைக் கிடங்கு மேற்பார்வையாளரின் கோடு (கீபேடில் அழுத்தும் ரகசிய எண்) டிஸ்ஆர்ம் செய்திருந்தது. அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருப்பார். விசாரித்தால் விஷயம் எளிது. இரவு ஷிஃப்ட் ஆட்கள் லாபியைக் கடந்துதான் மேலே போக வேண்டும். தினமும் சைரன் அடித்ததால் அவரே தன் கோடை அவர்களிடம் கொடுத்துவிட்டார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள்: இரவு பத்து முதல் காலை ஐந்து வரை சரக்குக் கிடங்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் கிடந்தது. அந்த நேரங்களில் கிடங்கின் ஏழு சென்சார்களும் வெறும் அலங்காரம்.

மேலேயும் இதே கதைதான். 'மேலே' என்பது முதல் தளமும் இரண்டாம் தளமும் சேர்ந்த ஒரே ஏரியா. இரண்டாம் தளத்தில் இரவு முழுவதும் ஆள் இருப்பதால் வார நாட்களில் அதை ஆர்ம் செய்யவே முடியாது. தணிக்கை அலுவலகத்தில் வாடிக்கையாளர்களின் மூல ஆவணங்கள் இருக்கின்றன. அந்த அலுவலகம் வார இறுதியைத் தவிர வேறெந்த இரவிலும் ஆர்ம் ஆனதே இல்லை.

புகார் பொய் அலாரத்தைப் பற்றியது. உண்மையான சிக்கலோ, அடிக்கவே வாய்ப்பில்லாமல் கிடந்த அலாரம். பொய் அலாரம் சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆர்ம் ஆகாத ஏரியாவைப் பற்றி யாரும் புகார் செய்வதில்லை.

எதை வைத்துப் பிரிப்பது?

ஏரியா என்பது ஒன்றாக ஆர்ம் ஆகி, ஒன்றாக டிஸ்ஆர்ம் ஆகும் ஜோன்களின் தொகுப்பு. பாஷ் பேனல்களில் இதை ஏரியா என்பார்கள்; டி.எஸ்.சி., ஹனிவெல் பேனல்களில் பார்ட்டிஷன். பெயர் எதுவானாலும், பெரும்பாலான இடங்களில் தளத்துக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று என்று வரைபடத்தைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். ஏரியாவின் எல்லையைத் தீர்மானிக்க வேண்டியவை சுவர்கள் அல்ல, மனிதர்களின் நேரமும் அதிகாரமும். இரண்டு அறைகளை ஒரே ஆட்கள், ஒரே நேரத்தில், ஒரே அதிகாரத்தோடு திறந்து மூடுகிறார்களா? அப்படியானால் அவை ஒரே ஏரியா, நடுவே எத்தனை சுவர் இருந்தாலும் சரி. இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் தனித்தனி.

அதனால் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் கட்டடத்தின் ஒவ்வொரு கதவையும் ஒவ்வொரு சென்சாரையும் எழுதினோம். எதிரே மூன்று கேள்விகள்: யார் கடக்கிறார்கள், எந்த நேரத்தில், அதை அணைக்கும் உரிமை யாருக்கு? இந்தத் தாளை வாடகைதாரர்களோடு நடந்துகொண்டே நிரப்ப வேண்டும். மேசையில் உட்கார்ந்து நிரப்பினால் வருவது கட்டடத்தின் கதையல்ல, நிரப்பியவரின் ஊகம்.

நடந்து முடித்தபோது ஐந்து ஏரியாக்கள் தேறின: கிடங்கு, தணிக்கை அலுவலகம், உதவி மையம், சர்வர் அறை, பொது லாபியும் படிக்கட்டும். சர்வர் அறை உதவி மையத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. ஆனால் அங்கே நுழையும் உரிமை மிகச் சிலருக்கே. வெளியே இரவு ஷிஃப்ட் நடந்தாலும் அது ஆர்ம் ஆகியே இருக்க வேண்டும். எனவே தனி.

தணிக்கை அலுவலகம் தங்கள் ஆவண அறைக்கும் தனி ஏரியா கேட்டது. மறுத்தோம். அதைத் திறப்பவர்களும் மூடுபவர்களும் அலுவலகத்தின் அதே ஆட்கள், அதே நேரம். கூடுதலாக ஓர் ஏரியா என்றால் தினமும் கூடுதலாக ஒருமுறை ஆர்ம் செய்யும் வேலை. ஒரு மாதத்தில் அதை மறந்துவிடுவார்கள், பிறகு அது நிரந்தரமாக டிஸ்ஆர்மில் கிடக்கும். அந்த அறைக்குத் தேவைப்பட்டது நல்ல பூட்டு.

பின்பக்க அவசர வழிக் கதவும் மொட்டைமாடிக் கதவும் எந்த வாடகைதாரரின் நேரத்துக்கும் கட்டுப்பட்டவை அல்ல. அவற்றை 24 மணி நேர ஜோன்களாக வைத்தோம்: ஆர்ம் ஆனாலும் ஆகாவிட்டாலும், திறந்தால் அந்த இடத்தில் எச்சரிக்கை ஒலி, கண்காணிப்பு நிலையத்துக்கு (அலாரச் செய்திகளைப் பெற்று உரியவரை அழைக்கும் மையத்துக்கு) செய்தி. அவசர வழிக் கதவை அலாரத்துக்காகப் பூட்டி வைக்கும் யோசனை ஒருவரிடமிருந்து வந்தது. அதற்குப் பதில் சொல்லவே தேவையில்லை.

லாபி

இனித்தான் வேலையின் கடினமான பகுதி. லாபி எல்லோருடையதும், ஆகவே யாருடையதும் அல்ல. அதை யார் ஆர்ம் செய்வது?

"கடைசியில் போகிறவர் செய்யட்டும்" என்பது வழக்கமான பதில். தான்தான் கடைசி ஆள் என்று ஒருவருக்கு எப்படித் தெரியும்? மூன்று வாடகைதாரர்கள் இருக்கும் கட்டடத்தில் இந்தப் பொறுப்பை மனிதரிடம் விடுவது சரிப்படாது. பேனலே கணக்கு வைத்துக்கொள்ளும் வழி உண்டு. பாஷ் பேனல்களில் ஓர் ஏரியாவைப் பகிரப்பட்ட ஏரியா என்று அமைத்தால், அதோடு இணைந்த ஏரியாக்கள் எல்லாம் ஆர்ம் ஆனதும் அது தானாக ஆர்ம் ஆகும். ஒன்று டிஸ்ஆர்ம் ஆனாலும் அதுவும் டிஸ்ஆர்ம் ஆகும். ஹனிவெல்லின் பெரிய விஸ்டா பேனல்களில் பொது லாபிப் பார்ட்டிஷன் என்ற அமைப்பு இதே வேலையைச் செய்கிறது. எந்தப் பார்ட்டிஷன் லாபியைப் பாதிக்கும், எது லாபியை ஆர்ம் செய்ய முயலும் என்று தனித்தனியாகக் குறிக்கலாம். டி.எஸ்.சி.யில் ஒரு ஜோனையே பல பார்ட்டிஷன்களுக்குச் சொந்தமாக்கலாம். எல்லாம் ஆர்ம் ஆனால்தான் அந்த ஜோன் விழித்துக்கொள்ளும்.

இந்த முறையின் அழகு என்னவென்றால், லாபி ஆர்மில் இருக்கும் நேரத்தில் கட்டடத்துக்குள் முறையாக இருக்கக்கூடியவர் எவருமில்லை. உள்ளே யாராவது இருந்தால் அவருடைய ஏரியா டிஸ்ஆர்மில் இருக்கும், லாபியும் தூங்கும்.

எந்தெந்த ஏரியாக்களை இந்தக் குழுவில் சேர்ப்பது? தணிக்கை அலுவலகமும் உதவி மையமும் கட்டாயம். சர்வர் அறையைச் சேர்க்கவில்லை. அங்கே போகிறவர் உதவி மையத்தை டிஸ்ஆர்ம் செய்துவிட்டுத்தான் போக முடியும், ஆகவே சேர்த்தாலும் எதுவும் மாறாது. கிடங்கை முதல் வரைவில் வெளியே வைத்தோம். அதற்குத் தனிப் பின்கதவு இருக்கிறது, தனிக் கீபேட் இருக்கிறது, அவர்களுக்கு லாபியில் என்ன வேலை? அதைவிட, கிடங்கைச் சேர்த்தால் காலை ஐந்து மணிக்கு அவர்கள் திறந்தவுடன் லாபியும் டிஸ்ஆர்ம் ஆகிவிடும். இரவு ஷிஃப்ட் இல்லாத நாட்களில், மேலே ஆட்கள் வரும்வரை நான்கு மணி நேரம் லாபி வீணாகத் திறந்துகிடக்கும்.

வரைவைக் கிடங்கு மேற்பார்வையாளரிடம் காட்டினோம். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், டாய்லெட் லாபியிலதானே இருக்கு?"

கிடங்கு குழுவுக்குள் வந்தது.

அதனால் லாபியின் வாசல் கதவு சில நேரங்களில் அலாரத்தின் காவல் இல்லாமல் இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதிகாலை மட்டுமல்ல, இரவு ஷிஃப்ட் நடக்கும் நாட்களில் இரவு முழுவதும் அப்படித்தான். லாபி தினமும் இரவில் ஆர்ம் ஆகும் என்று கட்டட நிர்வாகம் நினைத்திருந்தது. ஆகாது என்பதை வெளிப்படையாகச் சொல்லி, எழுத்திலும் கொடுத்தோம். அந்த நேரங்களில் வாசலைக் காப்பது கார்டு ரீடரும் மின்பூட்டும்தான். கார்டு காட்டாமல், வெளியேறும் பட்டனும் அழுத்தாமல் கதவு திறந்தால், கட்டாயத் திறப்பு என்ற செய்தி ஏரியாவின் நிலை எதுவாக இருந்தாலும் கண்காணிப்பு நிலையத்துக்குப் போகும்படி அமைத்தோம். கதவு அதிக நேரம் திறந்திருந்தால் வேறொரு செய்தி.

லாபியிலிருந்து கிடங்குக்குப் போகும் உள்கதவு திறப்பதை உணரும் கான்டாக்டைக் கிடங்கு ஏரியாவின் வெளிவேலியாகக் கருதி, தாமதமில்லாத ஜோனாக வைத்தோம். கிடங்கு ஆர்மில் இருக்கும்போது லாபி வழியாக உள்ளே போக யாருக்கும் காரணமில்லை.

நேரக் கணக்கு

வாசல் கதவு தாமத ஜோன்: திறந்தவர் கீபேடில் அணைக்கச் சிறிது அவகாசம் தரும், அதுதான் நுழைவு நேரம். லாபியிலும் படிக்கட்டிலும் உள்ள பி.ஐ.ஆர்.கள் பின்தொடரும் ஜோன்கள்: வாசல் கதவு முதலில் திறந்திருந்தால் அவை நுழைவு நேரம் முடியும்வரை பொறுத்திருக்கும், கதவு திறக்காமல் நடமாட்டம் தெரிந்தால் உடனே அடிக்கும்.

நுழைவு நேரத்தைப் பற்றித் தரநிலைகள் ஒரே திசையில் பேசுவதில்லை. பொய் அலாரத்தைக் குறைப்பதற்கான அமெரிக்கத் தரநிலை சி.பி.-01 நுழைவுத் தாமதம் 30 விநாடிக்குக் குறையக் கூடாது என்கிறது. ஐரோப்பியத் தரநிலை இ.என். 50131-1 அது 45 விநாடியைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒன்றுக்கு ஊழியரின் பதற்றம் கவலை, மற்றொன்றுக்குத் திருடனுக்குக் கிடைக்கும் அவகாசம் கவலை. கீபேடை வாசலுக்கு அருகில் மாட்டினால் இரண்டு கவலையும் தீரும். லாபியின் பழைய கீபேட் லிஃப்டுக்கு அந்தப்புறம் இருந்தது. வாசலருகே நகர்த்திவிட்டு 30 விநாடி கொடுத்தோம்.

வெளியேறும் நேரத்தில்தான் (ஆர்ம் செய்தவர் வெளியே போகக் கிடைக்கும் அவகாசத்தில்தான்) பலர் கோட்டைவிடுகிறார்கள். சனிக்கிழமை இரண்டாம் தளத்தில் கடைசி ஆள் தன் ஏரியாவை ஆர்ம் செய்கிறார். மற்ற இரண்டும் ஏற்கெனவே ஆர்ம். அந்த நொடியே லாபியின் வெளியேறும் நேரம் ஓடத் தொடங்கிவிடும். அவரோ இன்னும் இரண்டாம் தளத்தில் நிற்கிறார். கதவைப் பூட்ட வேண்டும், லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும் அல்லது படியிறங்க வேண்டும், லாபியைக் கடக்க வேண்டும். இங்கே 60 விநாடி என்ற இயல்பு அளவு போதாது. மிக மெதுவாக நடப்பவரை நடக்கவிட்டு அளந்தோம்; அதோடு லிஃப்ட் மேலே வர ஆகும் நேரத்தையும் கூட்டி, லாபிக்கு 180 விநாடி வைத்தோம். நீண்ட வெளியேறும் நேரத்தால் பாதுகாப்புக்குப் பெரிய நஷ்டமில்லை. வாசல் கதவு மூடியதும் நேரம் முடிந்ததாகக் கொள்ளும் வசதி பேனலில் இருந்தால் அதுவும் தீர்ந்தது. எச்சரிக்கை பீப் ஒலிக்கும் கருவி ஒன்றைக் கழிவறை வாசலில் மாட்டினோம். காரணம் சொல்லத் தேவையில்லை.

ஒயர் தந்த தடங்கல்

தாளில் எல்லாம் சரி. புரோகிராம் செய்யப் போனால் 14ஆம் ஜோன் வழிமறித்தது. வாக் டெஸ்டில் (நடந்து சென்சார்களைச் சோதிக்கும்போது) முதல் தள நடைபாதையில் நடந்தாலும் அது அடித்தது, படிக்கட்டில் நடந்தாலும் அடித்தது. பிரித்துப் பார்த்தால் ஒரே லூப்பில் (பேனலிலிருந்து போய்த் திரும்பும் ஒயர் சுற்றில்) இரண்டு பி.ஐ.ஆர்.கள் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. ஒரே நிறுவனம் இருந்த காலத்தில் இதில் தவறில்லை, ஜோன் மிச்சம். இப்போது ஒன்று தணிக்கை அலுவலகத்தின் ஏரியாவில் இருக்க வேண்டும், மற்றது லாபியில். ஏரியாவுக்கு ஒதுக்கப்படுவது ஜோன்தான், சென்சார் அல்ல. எந்தப் புரோகிராமாலும் ஒரு லூப்பை இரண்டாகப் பிளக்க முடியாது. ஒயர் இழுத்தே ஆக வேண்டும்.

பிரிக்கும்போது கவனிக்க வேண்டியது லூப் முனை ரெசிஸ்டர். பேனல் அந்த ரெசிஸ்டரின் மதிப்பைப் பார்த்தே ஒயர் நலமாக இருக்கிறதா, அறுந்ததா, ஷார்ட் ஆனதா என்று தீர்மானிக்கிறது. இரண்டு லூப் ஆனால் இரண்டுக்கும் அந்தப் பேனல் கேட்கும் மதிப்பில் ரெசிஸ்டர் வேண்டும். அது சென்சாரின் முனையில் இருக்க வேண்டும். வேலை சுலபம் என்று பேனல் பெட்டிக்குள்ளேயே ரெசிஸ்டரைப் போட்டு மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் வழியில் ஒயரை யாராவது ஷார்ட் செய்தாலும் பேனலுக்கு எல்லாம் நலமாகவே தெரியும். இந்தக் கட்டடத்தில் அப்படிப்பட்ட லூப்கள் சில அகப்பட்டன. ஏரியா வேலைக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சரிசெய்தோம்.

தணிக்கை அலுவலகத்தின் கண்ணாடி அறைகளும் அப்படியே. நடைபாதை சென்சார் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தார்கள். பி.ஐ.ஆர். உணர்வது உடல் வெப்பத்தின் அகச்சிவப்புக் கதிர். சாதாரண ஜன்னல் கண்ணாடி அதை ஊடுருவ விடாது. இரண்டு அறைகளுக்குப் புதிய சென்சார்.

கோடு, கீபேட், பெயர்

எல்லாக் கோடுகளையும் அழித்துவிட்டு ஆளுக்கொன்றாகப் புதிதாகக் கொடுத்தோம். கிடங்குக் கோடு கிடங்கை மட்டும் அணைக்கும். துப்புரவு ஊழியர்களின் கோடு தணிக்கை அலுவலகத்தை மட்டும், அதுவும் மாலை குறித்த நேரத்துக்குள் மட்டும் அணைக்கும். ஒவ்வொரு வாடகைதாரரின் வாசலிலும் உள்ள கீபேட் அவர்களின் ஏரியாவை மட்டும் காட்டும். லாபிக் கீபேட் மூன்றையும் பெயரோடு காட்டும். ஏரியா 1, ஏரியா 2 என்று எண்ணாக விட்டால், ஒன்றை ஆர்ம் செய்தவர் கட்டடமே பூட்டியாகிவிட்டது என்று நம்பிப் போய்விடுவார்.

மறதிக்கும் இடம் விட்டோம். கிடங்கு இரவு எட்டுக்கும், தணிக்கை அலுவலகம் இரவு பத்துக்கும் தானாக ஆர்ம் ஆகும். முன்னதாக எச்சரிக்கை ஒலிக்கும், உள்ளே இருப்பவர் நேரத்தை நீட்டிக்கொள்ளலாம். தானியங்கி ஆர்ம் ஏதாவது கதவு திறந்திருப்பதால் தோற்றால், ஏரியா மூடப்படவில்லை என்ற செய்தி கண்காணிப்பு நிலையத்துக்குப் போகும். இந்த ஒரு செய்தி முன்பே இருந்திருந்தால், கிடங்கு திறந்துகிடந்தது முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

கண்காணிப்பு நிலையம்

பேனல் நிலையத்துக்குச் செய்தி அனுப்பும் கான்டாக்ட் ஐ.டி. முறையில் ஒவ்வொரு செய்தியிலும் கணக்கு எண், நிகழ்வுக் குறியீடு, இரண்டு இலக்க ஏரியா எண், மூன்று இலக்க ஜோன் அல்லது பயனர் எண் ஆகியவை வரும். 130 என்றால் அத்துமீறல், 401 என்றால் பயனர் திறந்தது அல்லது மூடியது. ஏரியா இடத்தில் 00 வந்தால் அந்தச் செய்தி குறிப்பிட்ட ஏரியாவைச் சேர்ந்ததல்ல. அதாவது, எந்த வாடகைதாரரை அழைப்பது என்று தீர்மானிக்கத் தேவையான எண் முன்பிருந்தே செய்தியில் இருந்தது. நிலையத்தின் பட்டியலில்தான் கட்டடம் முழுவதற்கும் ஒரே தொலைபேசி எண் இருந்தது. ஏரியாவுக்கு ஒரு தொடர்புப் பட்டியல் என்று மாற்றினோம்.

பேனலை மாற்றும் அதே நாளில் நிலையத்தின் பட்டியலையும் மாற்றாவிட்டால் நிலைமை முன்பைவிட மோசமாகும். ஜோன் எண்கள் இடம் மாறியிருக்கும், இயக்குநரின் திரையில் பழைய பெயர் வரும், கிடங்கு உடைக்கப்படும்போது தணிக்கையாளரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவார்கள். அதனால் ஒவ்வொரு ஜோனையும் தூண்டி, நிலையத்தில் தெரியும் வாசகத்தைத் தொலைபேசியில் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தோம். சலிப்பூட்டும் வேலை, தவிர்க்க முடியாதது.

சோதனை

குழுவில் மூன்று ஏரியாக்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலைகள். மொத்தம் எட்டுச் சேர்க்கைகள். லாபி ஒன்றே ஒன்றில் மட்டும்தான் ஆர்ம் ஆக வேண்டும். எட்டையும் செய்து பார்த்தோம், லாபியில் நடந்தும் பார்த்தோம். ஆர்ம் ஆன வரிசையை மாற்றியும் பார்த்தோம். கிடங்கு கடைசியாக மூடும்போதும் லாபி ஆர்ம் ஆக வேண்டும், உதவி மையம் கடைசியாக மூடும்போதும் ஆக வேண்டும். லாபியில் ஒரு ஜோன் திறந்திருக்கும்போது கடைசி ஏரியாவை ஆர்ம் செய்தால் என்ன ஆகிறது என்பதைப் பேனலுக்குப் பேனல் பார்த்துத்தான் சொல்ல முடியும். இங்கே கீபேடில் பிழை காட்டியது, லாபி ஆர்ம் ஆகவில்லை, நிலையத்துக்குச் செய்தி போனது. அதுவே எங்களுக்கு வேண்டியதும்.

சைரனில் ஒரு திருத்தம் செய்தோம். இரவில் கிடங்கில் அலாரம் வந்தால் மேலே வேலை செய்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, "இறங்கிப் போய்ப் பார்ப்போம்" என்றார்கள். கூடாது. இரண்டாம் தளத்தின் உள் ஒலிக்கருவியைக் கிடங்கு அலாரத்திலிருந்து பிரித்துவிட்டு, அவர்களின் கீபேடில் செய்தி மட்டும் வரும்படி செய்தோம். கீழே இறங்க வேண்டாம் என்ற குறிப்பையும் பக்கத்தில் ஒட்டச் சொன்னோம்.

பிறகு

சில வாரங்கள் கழித்து லாக்கை மறுபடி இறக்கினோம். படியிறங்குகிறவர்களால் வந்த அலாரங்கள் நின்றுவிட்டன. கிடங்கு ஒவ்வொரு இரவும் ஆர்ம் ஆகியிருந்தது. மேற்பார்வையாளரின் கோடு அவர் பணிநேரத்துக்கு வெளியே எங்கும் இல்லை. ஷட்டர் காற்றில் ஆடி வந்த அலாரங்கள் மட்டும் மிச்சம்; கான்டாக்டை இடம் மாற்றியதும் அவையும் குறைந்தன. கணக்கு முடிக்கும் பருவத்தில் தணிக்கை அலுவலகம் தினமும் நேரத்தை நீட்டிக்கொண்டே போனது. அந்த மாதங்களுக்கு மட்டும் தனி அட்டவணை போட்டுக் கொடுத்தோம்.

இப்போது கிடங்கின் ஒரு பாதியை வேறொருவருக்கு வாடகைக்கு விடும் பேச்சு நடக்கிறது. நடுவே கம்பிவலைத் தடுப்பு போட்டால் போதும் என்கிறார்கள். கம்பிவலைக்கு அப்பால் நடப்பவரையும் பி.ஐ.ஆர். பார்த்துவிடும், ஏழு சென்சார்களில் மூன்று இரண்டு பக்கத்தையும் சேர்த்தே பார்க்கின்றன. சென்சார்களை நகர்த்தி, லூப்பைப் பிரிக்கும்வரை ஆறாவது ஏரியாவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.